ஓலையில் விடுபட்ட சொல்

1

ஊரில் இருக்கும் உங்களிடம் முதலில் ஒரு வேண்டுகோள். இனிமேல் என் அக்கா ஜெயமேரிக்குப் போன் செய்தால், "அவர் டூட்டிக்குக் கிளம்பிட்டாரா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்குத்தான் கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும். அவள் "இப்பத்தான் போறாரு" என்பாள். நீங்கள் "சரி சரி" என்பீர்கள். அதற்குப் பிறகு மழை, நிலக்கடலை, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேச்சு போகும். நாலு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நடக்கிறது. அவள் வீட்டுக்காரர் விக்டர் மாமா இறந்துவிட்டார் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டீர்கள், அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காக. நானும் யோக்கியம் இல்லை. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு அதையேதான் செய்தேன்.

இதை எழுதட்டுமா என்று அக்காவிடமே கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எழுது. ஆனா யாரும் போன்ல துக்கம் கேக்க வேணாம்னு எழுது. வர்றவங்க நேர்ல வரட்டும்" என்றாள்.

ஆகவே இதை ஒரு சாவுச் செய்தி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தாமதமாக வருகிறது.

2

என்னை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நான் பிலோமினா, சின்னவள். கல்யாணமாகி அக்கா இங்கே வந்தாள், அவள் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளையால் பின்னாலேயே நானும் வந்தேன். அவள் விவேக் நகரில், நான் அடுகோடியில். ஒரு கூரியர் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து பார்சல் எடை போடுவது என் வேலை.

"பெங்களூர் என்ன வெளிநாடா?" என்று போன தடவை சித்தப்பா மகன் கிண்டல் செய்தான். ஆரணியில் சாயங்காலம் பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் தள்ளி வந்து சேர்ந்துவிடலாம், உண்மைதான். ஆனால் கரண்ட் ஆபீசில் சண்டை போட இன்னொரு பாஷை வேண்டியிருக்கிறது பாருங்கள், அந்த இடம் வெளிநாடுதான். கவுண்டரில் என் கன்னடத்துக்கு ஒரு குறையும் இல்லை. கோபம் வந்தால் மட்டும் தமிழ் வந்துவிடும். எதிரில் நிற்பவர் முகம் உடனே மாறும். அப்புறம் நான் சிரித்து, அவர் சிரித்து, பார்சலுக்கு இன்னொரு சுற்று டேப் போட்டுக் கொடுத்து அனுப்ப வேண்டும். என் மகன் கெவினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவனுக்குக் கோபமே கன்னடத்தில்தான் வருகிறது. தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. இதைக்கூட நான்தான் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். காட்டுவேனா என்பது வேறு விஷயம்.

வெளியூர் வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஊருக்குப் போன் பேசும்போது நல்லதை மட்டும் சொல்வது. வேலை போனது, பையன் பெயிலானது, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னது எதுவும் லைனில் ஏறாது. எல்லோரும் நல்லா இருக்கோம், அவ்வளவுதான். சொல்லிச் சொல்லி அது பொய் என்பதே மறந்து போகும்.

ஊரில் அது முடியாது. நம் கோயிலில் துக்க மணி அடிக்கும்போது நினைத்துப் பாருங்கள். ஒரு அடி, கொஞ்சம் விட்டு இன்னொரு அடி. களத்துமேட்டில் இருப்பவர்களும் கையில் உள்ளதைக் கீழே போட்டுவிட்டு "யாரு?" என்று கேட்பார்கள். மணி அடித்துவிட்டால் முடிந்தது, இறந்தவர் இறந்தவர்தான். பெற்ற தாயே வந்து இல்லை என்று சாதித்தாலும் ஊர் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் அந்த மணியைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும், விளையாட்டு நின்றுவிடும் என்று. இப்போது நினைத்தால் அது எவ்வளவு பெரிய உதவி என்று தோன்றுகிறது.

அக்காவின் பழக்கம் பெங்களூரில் ஆரம்பிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவை உங்களுக்குத் தெரியும். குடித்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் விழுந்து கிடக்கும்போது யாராவது தேடி வந்தால், அம்மா எங்களைத்தான் வாசலுக்கு அனுப்புவாள். "அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அக்கா முகத்தில் ஒரு கோடு அசையாது. வந்தவர்களும், "அப்படியா, கஷாயம் வெச்சுக் குடு பாப்பா" என்று போய்விடுவார்கள். வாசம் அவர்களுக்கும் வந்திருக்கும். அப்பாவைக் கடைசியில் காய்ச்சல் என்று நாங்கள் சொன்ன அதே வியாதிதான் கொண்டுபோனது, ஈரல் அழுகி. வைத்தியம் பார்த்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார்.

3

விக்டர் மாமா கம்பெனி வேன் ஓட்டினார். இரவு ஷிப்டு முடிந்த பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிடும் வேலை. பகலில் தூங்குவார். அதனால் அக்கா வீட்டில் பகலில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. டிவி ஓடும், ஆனால் வாய் அசைவதுதான் தெரியும். குக்கர் விசில் அடித்தால்கூட அக்கா உள்ளறையைப் பார்ப்பாள்.

கொரோனா இரண்டாவது அலையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அக்காவுக்கும் வந்தது. அவர்களின் ஒரே மகள் நான்சி அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளும் என் வீட்டுக்காரருமாக அலைந்து, மாமாவுக்கு ஒரு படுக்கை கிடைத்தது. போனவர் திரும்பவில்லை. நகரத்துக்கு வெளியே அந்த நாட்களில் அவசரமாக ஒதுக்கிய ஒரு இடத்தில் அடக்கம். ஆம்புலன்ஸில் நான்சி முன்னால் உட்கார்ந்து போனாள். என் வீட்டுக்காரர் பைக்கில் பின்னாலேயே போனார். இரண்டு பேரையும் கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். உடம்பு முழுக்க உறை போட்ட நாலு பேர் உள்ளே கொண்டுபோனதைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள்.

அக்கா அன்றைக்கு உள்ளறையில் காய்ச்சலோடு கிடந்தாள். எழுந்து உட்காரும்போது எல்லாம் முடிந்திருந்தது. உடல் வரவில்லை, மணி அடிக்கவில்லை, தூக்கிப் போகவில்லை, யாரும் வந்து கட்டிக்கொண்டு அழவில்லை. நான்தான் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். கேட்டாள். "சரி" என்றாள். எழுந்து போய்ப் பாலைக் காய்ச்சினாள்.

அவளுக்குப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். மாமா உயிரோடு இருக்கிறார் என்று அவள் வாயைத் திறந்து சொன்னதில்லை. இறந்துவிட்டார் என்றும் சொன்னதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் குடித்தனம் நடத்தினாள். தாலி கழுத்தில் இருந்தது. பகலில் டிவி சத்தம் ஏறவே இல்லை.

இதில் இரண்டு ஊர் உள்ளவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் போன் செய்தால் அவர் பெங்களூரில் டூட்டியில் இருப்பார். இங்கே யாராவது கேட்டால் ஊருக்குப் போயிருப்பார். ரேஷன் கடையில் கார்டில் பெயருள்ள எல்லோரும் வந்து பெருவிரல் வைக்க வேண்டும் என்றார்கள். "அவரு ஊரல்லி இதாரே" என்று அக்கா தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னாள், ஊரில் இருக்கிறார் என்று. கேஸ் ஆபீசிலும் அதே பதில். ஒரே இடத்தில் வாழ்கிறவர்களால் ஒரு மனிதரை இப்படி ஒளித்து வைக்க முடியாது. நாம் இரண்டு ஊருக்கும் நடுவில் வைத்துவிடலாம்.

இறப்புச் சான்றிதழை நான்தான் வாங்கி வந்தேன். அதில் வயதைத் தப்பாகப் போட்டிருந்தார்கள், எட்டு வயது கூட்டி. அக்கா அதை வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

"பாவம், யாரோ அறுபது தாண்டினவரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மனைவி நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் திருத்திக் கொடுப்போம் என்று சான்றிதழ் கொடுத்த அலுவலர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். அக்கா போகவில்லை. அந்தக் காகிதம் இல்லாமல் அவர் கம்பெனியிலிருந்து வர வேண்டியது வரவில்லை, வீட்டு அக்ரிமெண்டை மாற்ற முடியவில்லை. மாமா பேரிலேயே வீடு ஓடியது, நான்சி சம்பளத்தில்.

முதல் வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான்சி தனியாகப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். அங்கே நம்பர் எழுதிய ஒரு மரக்கட்டையைச் சிலுவையாக நட்டிருந்தார்கள் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். அது எப்படியோ அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. மகளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், எடுப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். நாலு மாசம், தவக்காலம் வரைக்கும் அப்படியே போயிற்று. அதற்குப் பிறகு நான்சி அங்கே போகவில்லை. நாங்களும் போகவில்லை. மாமா பிறந்த நாள் வந்தால் அக்கா கோயில் ஆபீசுக்குப் போய் உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுப்பது போல அவர் பெயரில் நன்றிப் பலிக்குப் பணம் கொடுத்துவிட்டு வருவாள். பூசைக்கு முன்னால் மைக்கில் வாசிப்பார்கள். "விக்டர், பிறந்த நாள், நன்றியாக." பழைய ஆட்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

4

நான்சிக்கு ஸ்ரீராம்புரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அமைந்தது என்று நான் சொல்கிறேன், அவளே பார்த்துக்கொண்டதுதான். பிரவீன் என்று பெயர், கூட வேலை செய்கிறவன், நம் சபையைச் சேர்ந்தவன். அவன் தாத்தா காலத்திலேயே இங்கே வந்து தங்கிய தமிழ்க் குடும்பம். அவன் தமிழ் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும், அவளுடையது அதைவிட வேடிக்கை. பூசையில் பாட்டு வரும்போது இருவரும் போனில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். போகட்டும், பாடுகிறார்களே.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும். பெண் வீட்டுப் பங்குக் கோயிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டுப் பங்கிலும் வாசிப்பார்கள். பெற்றவர் இல்லையென்றால் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று சேர்ப்பது வழக்கம்.

விவரம் கொடுக்க அக்காவும் நான்சியும் போனார்கள். கோயில் ஆபீசில் இருக்கும் சிஸ்டர் புதியவர், சாமியாரும் புதியவர். அவர்களுக்கு மாமாவைத் தெரிந்ததெல்லாம் வருஷா வருஷம் நன்றிப் பலி கொடுக்கிற விக்டராகத்தான். "அப்பா பேர்?" என்று சிஸ்டர் கேட்க, அக்கா "விக்டர்" என்றாள். அத்தோடு நிறுத்திவிட்டாள். நான்சி அம்மா முகத்தைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாமே என்று நான் பிறகு கேட்டேன்.

"வாய்ல வரல சித்தி. அம்மா முன்னாடி அந்த வார்த்தைய சொல்லிப் பழக்கமே இல்ல" என்றாள்.

முதல் ஓலை வாசித்த ஞாயிறு நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "விக்டர், ஜெயமேரி இவர்களின் மகள் நான்சி" என்று சாமியார் வாசித்தார். அக்கா முகம் எவ்வளவு தெளிந்திருந்தது தெரியுமா. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். எனக்குப் பயமாக இருந்தது. அதே நேரத்தில் ஸ்ரீராம்புரத்துப் பக்கம் இன்னொரு கோயிலிலும் இதே வரி மைக்கில் போய்க்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு நம் கதை தெரியாது.

5

புதன்கிழமை பிரவீனின் அம்மா ரோஸ்லின் வந்தார்கள். தனியாக வந்தார்கள், கையில் பழம் எதுவும் இல்லை. நல்ல விஷயத்துக்கு வருகிறவர்கள் அப்படி வர மாட்டார்கள். அன்று நான் அரை நாள் லீவு போட்டு அக்கா வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். நான்சி வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கொடுத்தோம். வாங்கிக் கீழே வைத்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. ஓலை வாசிச்சதுல இருந்து எங்க சொந்தக்காரங்க போன் மேல போன். பொண்ணோட அப்பா இருக்காரா, இல்லையா? இல்லன்னு பிரவீன் சொல்லிக்னு இருக்கான். இருக்காருன்னு கோயில்ல வாசிக்கறாங்க. நான் யாருக்கு இன்னான்னு பதில் சொல்றது?"

அக்காவுக்கு அந்தப் பதில் தானாகவே வாயில் வந்துவிட்டது. "டூட்டில..." என்று ஆரம்பித்தாள்.

"எந்த ஊர்ல டூட்டி? ஓசூர்லயா?"

"ஓசூரா?"

"எங்க ஓரகத்தி சொல்றா. ஓசூர்ல விக்டர்னு ஒரு வேன் டிரைவர் இருக்காராம். வேற ஒருத்தி கூட குடித்தனமாம், ரெண்டு சின்னப் பசங்களாம். அவர்தான் இவரு, பொண்டாட்டி புள்ளைய உட்டுட்டு ஓடிப்போய்ட்டாரு, அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்னு செத்துட்டாருன்னு கதை கட்டறாங்கன்னு பேசிக்கறாங்க. சத்தியமா நான் நம்பல. ஆனா இப்பவே ரெண்டு பேர் கல்யாணத்துக்கு வர மாட்டோம்னுட்டாங்க. தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியார் வேற சொல்லிட்டாரா, எங்க வீட்டு ஆளு ஒருத்தரு போய் சொல்றேன்னு குதிக்கறாரு. உண்மையச் சொல்லுங்க, நான் நின்னுக்கறேன். தெரியாம எப்படி நிக்கறது?"

நான் ஊசியைக் கீழே வைத்தேன். நான்சி லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து நின்றாள். இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அக்காவின் வாயில் இருந்தது. ஆனால் அந்த நிமிஷம் அக்கா கல்யாணத்தை நினைக்கவே இல்லை.

"யாரு ஓடிப்போனது?" என்றாள். சத்தமாகத்தான் கேட்டாள். அந்த வீட்டில் பகலில் அவ்வளவு சத்தத்தை நான் கேட்டதில்லை. "அவரா? சம்பளத்தை கவர் பிரிக்காம என் கையில குடுக்கற மனுஷன். வண்டில வர்ற பொம்பளைப் பசங்கள நிமிந்து பாக்க மாட்டாரு. அந்தப் பசங்களே சொல்லும், அங்கிள் வண்டின்னா தூங்கிக்னே வரலாம்னு. அவர் ஓடிப்போனாருன்னு எந்த நாக்கு சொல்லுச்சு?"

"அப்ப எங்கம்மா அவரு?" என்று ரோஸ்லின் அம்மா மெதுவாகக் கேட்டார்கள்.

அக்கா உள்ளறைக் கதவைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். உதவிக்கு யாராவது வருவோமா என்று பார்த்தாளோ என்னவோ. இத்தனை வருஷம் அவளுக்காகப் பேச்சை மாற்றியவர்கள்தானே நாங்கள்.

"செத்துட்டாரு" என்றாள். "அவரு எங்கயும் ஓடல. நான்தான் ஓடிக்னு இருந்தேன். அவரு செத்துட்டாரு."

பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரோஸ்லின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டார்கள். அக்கா அழுத அழுகையை எழுதுவதற்கு எனக்கு மனசில்லை. அடுத்த வீட்டுக் கன்னடக்கார அம்மா ஓடி வந்து, என்ன ஆயிற்று என்ற பதற்றத்தில் "ஏனாயித்து?" என்று கேட்டார்கள். "எஜமானரு தீரிகொண்டரு" என்றேன். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார் என்று. "அய்யோ, யாவாக?" என்று அவர்கள் கேட்டதற்கு, எப்போது என்று எப்படிச் சொல்வதெனத் தெரியாமல் விழித்தேன்.

ரோஸ்லின் அம்மா கிளம்பும்போது, "ரெண்டாவது ஓலைய சரியா வாசிக்கச் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். நான்சியைத் தேடினால் மொட்டை மாடியில் நின்றிருந்தாள்.

"நாலு வருஷமா என்கிட்ட சொல்லல சித்தி. இன்னிக்கு யாரோ ஒருத்தர்கிட்ட சொல்றா."

"இப்பவாவது சொன்னாளேடி."

"நான் எங்க அழுதேன் தெரியுமா உங்களுக்கு? பஸ்ல. ஜன்னல் சீட்டு கிடைச்சாதான் அழுவேன். கிடைக்கலன்னா அதுவும் இல்ல. வீட்டுக்கு வந்து, அப்பா தூங்கறாருன்ற மாதிரி மெதுவா நடப்பேன். அம்மாவுக்கு அப்பா போனாரு. எனக்கு அப்பாவும் போய், அம்மாவும் போய்ட்டா."

நான் அவள் முதுகைத் தடவினேன். தடவக் கொடுத்தாள், ஆனால் திரும்பவில்லை. கல்யாணம் ஆனதும் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டிருப்பதாக அப்போதுதான் சொன்னாள். புனேயோ என்னவோ. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். இந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் நேரத்துக்குச் சொல்லவே மாட்டார்கள் போலிருக்கிறது. அவளாகவே அன்று சாயங்காலம் சொல்லிவிட்டாள், அதையும் நான் எழுத வேண்டும். அக்கா "சரி" என்றாள். பாலைக் காய்ச்சப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து, "எப்பம்மா?" என்று கேட்டாள்.

மறுநாள் கோயில் ஆபீசுக்கு அக்காவோடு நானும் போனேன். சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"போன பிறந்த நாளைக்குக்கூட நன்றிப் பலி குடுத்தீங்களேம்மா?"

"ஏன் சிஸ்டர், செத்தவருக்கு நன்றி சொல்லக் கூடாதா?" என்றாள் அக்கா. அவளுடைய பழைய வாய் கொஞ்சம் திரும்பியிருந்தது. எனக்கு அந்தத் துக்கத்திலும் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு இரண்டாவது ஓலை வாசித்தார்கள். "காலஞ்சென்ற விக்டர்" என்று சாமியார் சொன்னபோது அக்கா கண்ணை மூடவில்லை. பீடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூசை முடிந்ததும் பழைய ஆட்கள் முற்றத்தில் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் நாலு வருஷத்துக்கு முன்னால் அழ வேண்டிய அழுகை ஒன்று பாக்கி இருந்தது. பக்கத்தில் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், நாங்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்று அழுதோம்.

உங்களுக்கு அக்கா இன்னொரு வேலையும் வைத்திருக்கிறாள். வரும் ஞாயிறு மூன்றாவது ஓலை, அதற்கடுத்த வாரம் கல்யாணம். கல்யாணம் முடிந்த பிறகு, நம் கோயிலில் ஒரு தடவை மாமாவுக்காகத் துக்க மணி அடிக்கச் சொல்லுங்கள். களத்துமேட்டில் யாராவது "யாரு?" என்று கேட்டால், ஜெயமேரி வீட்டுக்காரர் என்று சொல்லுங்கள்.

6

இரண்டாவது ஓலை வாசித்த அந்த ஞாயிறு மத்தியானமே கல்லறைக்குப் போனோம். பத்திரிகை அச்சடித்து வந்துவிட்டால் முதல் பத்திரிகை கோயிலில், அடுத்தது இறந்துபோன பெற்றவர் கல்லறையில் என்பது நம் வழக்கம். அக்கா பை நிறையப் பத்திரிகை வைத்திருந்தாள், வழியில் இரண்டு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று. நான்சி மெழுகுவத்தியும் பூவும் வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு ஓரம், நடுவில் நான்.

இடமே மாறியிருந்தது. அன்றைக்கு வெறும் செம்மண் காடாக இருந்ததாம். இப்போது சுவர் எடுத்து, உள்ளே கல்லறைகள் வரிசை வரிசையாகக் கருப்புக் கல்லும் வெள்ளைச் சிலுவையுமாக நிற்கின்றன. நான்சி முன்னால் வேகமாகப் போனாள். நாலாவது வரிசையில் ஒரு தைல மரத்துக்குப் பக்கத்தில் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வரிசை இருந்தது, மரத்தைக் காணோம். இங்கும் அங்கும் நடந்தாள். திரும்பி என்னைப் பார்த்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் வந்தார். எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டார். அக்காவே சொன்னாள்.

"ஆ டைமா? அப்ப இந்த லைன்தாம்மா. மரத்தை கரண்ட் கம்பிக்காக வெட்டிட்டாங்க. நம்பர் கட்டையெல்லாம் ரெண்டு மழைலயே போச்சு. வந்துனு இருந்தவங்க கல்லு வெச்சுக்னாங்க. யாரும் வராதது இந்த மூணுதான். இந்த மூணுல ஒண்ணு உங்களவரு. எதுன்னு எனக்கும் தெரியல, கொத்தில்லம்மா."

கல் வைத்த கல்லறைகளுக்கு நடுவில் மூன்று மண் மேடுகள். மேடு என்றுகூடச் சொல்ல முடியாது, புல் முளைத்து அமுங்கிப் போயிருந்தது. தலைமாட்டில் ஒன்றுமில்லை. தோண்டிப் பார்க்கவா முடியும். ஆபீசில் கேட்கலாம் என்று நான் சொன்னேன். வரிசை வரைக்கும்தான் அங்கேயும் எழுதியிருக்கிறது என்றார் பெரியவர். இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான்சி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாங்கள் யாரும் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வதற்கு அவசியமும் இல்லை, அவளே அந்த மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கீழே உட்கார்ந்தாள். முதல் மேட்டில் புல்லைக் கையால் ஒதுக்கினாள். நான்சி அவளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். இருவருமாக அதைச் சுத்தம் செய்தார்கள். பிறகு அடுத்தது. பிறகு அதற்கு அடுத்தது. பூவை மூன்றாகப் பிய்த்துப் போட்டார்கள். காற்றில் மெழுகுவத்தி அணைந்துகொண்டே இருந்தது, நான்சி துப்பட்டாவால் மறைத்து மறுபடி மறுபடி ஏற்றினாள்.

அக்கா பையைத் திறந்து ஒரு பத்திரிகை எடுத்தாள். அப்புறம் யோசித்து, இன்னும் இரண்டு எடுத்தாள். முதலாவதன் தலைமாட்டில் ஒன்றை வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். வீட்டுக்கு வீடு போய் அழைக்கும்போது சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

"நம்ம நான்சிக்குக் கல்யாணம். வந்துருங்க."

எழுந்து இரண்டாவதுக்குப் போனாள். அவர் யாரோ, எந்த வீட்டுக்காரரோ, அவருக்காகவும் எங்கேயோ ஒருத்தி டூட்டிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. அக்கா அங்கேயும் குனிந்து பத்திரிகையை வைத்தாள். மூன்றாவதிலும் வைத்தாள். மூன்று பேரிடமும் "நம்ம நான்சி" என்றுதான் சொன்னாள்.